கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை

என் மேஜைமேல் ஒரு கடிதம் கிடக்கிறது. தேதி இல்லாத கடிதம்.

தேதி போடாமல் ஒரு மனிதன் கடிதம் எழுதலாம். அவசரம், துக்கம், காதல்... ஏதாவது காரணம் இருக்கும். ஒரு சங்கம் எழுதலாமா? அச்சடித்த தலைப்புத்தாள், கீழே காரியதரிசியின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் இருக்கின்றன. வலது மூலையில் 'தேதி' என்று அச்சடித்து, பக்கத்தில் புள்ளி புள்ளியாக இடமும் விட்டிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் மேல் ஒரு சொட்டு மை படவில்லை. உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'கடலூர் என்.டி.' — அதாவது நியூ டவுன் — என்பது மட்டும் படிக்க முடிகிறது. வேறு வழியின்றி, தபால்காரர் என் கையில் கொடுத்த கிழமையையும் நேரத்தையும் — செவ்வாய், பகல் பதினொன்றேகால் — உறையின் பின்பக்கம் நானே எழுதி வைத்தேன்.

என் விலாசத்துக்கு, கலியமூர்த்தி என்பவர் பெயருக்கு வந்திருக்கிறது. ஆங்கிலம். தமிழில் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்:

'சாதாரணக் கார்கள் பிரிவில் முதலாவதாக வந்த தங்கள் வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்கில், கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு பட்டை இருப்பது தெரிய வந்திருக்கிறது. மாற்றம் எதுவும் இல்லை என்று விண்ணப்பத்தில் தாங்கள் தெரிந்தே பொய் எழுதியிருக்கிறீர்கள். வெற்றி ரத்து செய்யப்படுகிறது. கோப்பையைத் திருப்பி அனுப்பவும்.'

கூடவே இரண்டு அத்தாட்சிகள். ஒன்று, விண்ணப்பத்தின் நகல். இன்னொன்று, மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் வந்த என் பத்தியின் கத்தரிப்பு. அதில் நான்கு வரிகளுக்குச் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் இருப்பதும் என் கையெழுத்து. பத்தியை எழுதியவனும் நான். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். இரண்டுக்கும் சேர்த்துத் தண்டனை வாங்கியிருப்பது கலியமூர்த்தி!

எனக்கு வந்த கோபத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பத்தியைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஜில்லாவில், யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்டுவிட்டு, யுத்தம் முடிந்ததும் அப்படியே விட்டுப்போன ஓடுதளம் ஒன்று உண்டு. சிமெண்டு வெடிப்பில் புல் முளைத்து, பக்கத்துக் கிராமத்தார் வேர்க்கடலை காயப்போடும் இடம். கடலூரில் புதிதாகத் தொடங்கிய மோட்டார் சங்கம் ஒன்று, அந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து, மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயம் வைத்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார் எதுவும் கிடையாது. நீங்களும் நானும் ரோட்டில் பார்க்கிற கார்கள்தான்.

நான் மோட்டார் நிபுணன் அல்லன். எனக்குக் கார் கிடையாது. சைக்கிளுக்கே சொந்தமாகக் காற்றடிக்கத் தெரியாது. ஆனால் பந்தயம் பார்க்கப் பிடிக்கும். ஒருமுறை சென்னைப் பக்கம் சோழவரம் வரை போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே சுருட்டு மாதிரி நீண்ட கார்கள் போன வேகத்தில், எது எந்தக் கார் என்று தெரிவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. காது மட்டும் இரண்டு நாள் அடைத்துக் கிடந்தது.

சாதாரணக் கார்களின் பந்தயம் அப்படியல்ல. நேற்று பெண் அழைப்புக்கு வந்த கார், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன கார், இன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது. அதை வேடிக்கை பார்ப்பதில் ஒரு சொந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு 'ஸ்டாக் கார்' பந்தயம் என்று பெயராம். கடையில் விற்பனைக்கு நிற்கிற அதே கார் என்று அர்த்தம். கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் போலீசுக்குத் தப்பிக்க ஓட்டிப் பழகிய ஓட்டம்தான் பிறகு பந்தயம் ஆயிற்று என்று லைப்ரரியில் ஒரு சஞ்சிகையில் படித்தேன். நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு அமலில் இருப்பதால் இதற்கு மேல் விவரிப்பதற்கில்லை.

கலியமூர்த்தி சிதம்பரம் ரயிலடியில் சொந்த டாக்சி ஓட்டுகிறவன். என் மனைவி தனத்தின் தம்பி. இந்த உறவை அன்றைய பத்தியில் சொல்லாமல் விட்டேன். அது என் குற்றம். இப்போது பதிவு செய்கிறேன்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் அவன் விண்ணப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, ஃபாரம் பூரா இங்கிலீஷ்ல இருக்குது. நீங்களே எழுதிக் குடுங்க."

எழுதினேன். பெயர், விலாசம் (பதிலும் ஆங்கிலத்தில் வருமே என்று என் விலாசம்), வண்டி நம்பர். ஏழாவது கேள்வி: 'கம்பெனி கொடுத்ததிலிருந்து வண்டியில் செய்யப்பட்ட மாற்றங்கள்.'

"மச்சான், வண்டியில ஏதாவது மாத்தியிருக்கியா?"

"என்னாத்த மாத்தறது? போன வருஷம் டயர் மாத்துனேன்."

"அது கணக்கில்ல. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மாமா. எங்க ஸ்டாண்டு வண்டிங்க எப்படி இருக்குதோ அப்படித்தான் இருக்குது."

'இல்லை' என்று எழுதினேன். அழகான கையெழுத்தில், அடியில் கோடும் போட்டேன்.

இப்போது வாசகர்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். சிதம்பரத்தில் டாக்சி வாங்குகிறவர் முதல் வேலையாக என்ன செய்வார் தெரியுமா? கோயிலுக்குப் போய்ப் பூஜை போடுவார் என்று நினைப்பீர்கள். அது இரண்டாவது. முதலில் பட்டறைக்குப் போய், எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக ஏற்றுவார். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி தரிசனத்துக்கும் ரயிலில் வந்து இறங்குகிற குடும்பங்கள் ஐந்து பேராக வருவதில்லை. எட்டு, ஒன்பது, மடியில் இரண்டு. அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு கொள்ளிடக்கரைப் பள்ளங்களில் போனால், கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் தரையைத் தொட்டுவிடும். அதனால் ஒரு பட்டை. அந்த ஸ்டாண்டில் அது இல்லாத வண்டியே கிடையாது. அவர்களுக்கு அது மாற்றம் அல்ல, அதுதான் வண்டி. கதவு இருக்கிறதா என்று கேட்டால்தானே கதவைப் பற்றிச் சொல்வோம்?

கலியமூர்த்தி என்னிடம் மறைக்கவில்லை. அவனுக்குத் தோன்றவே இல்லை.

பந்தயத்தில் எட்டுக் கார்கள் ஓடின. ஓடுதளத்தின் இரண்டு கோடியிலும் தார் டிரம் வைத்து, அவற்றைச் சுற்றித் திரும்ப வேண்டும். பத்துச் சுற்று. மங்கலம்பேட்டையிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் ஜனங்கள் லாரியில் வந்திருந்தார்கள். ஏழாவது சுற்றுவரை ஒரு கான்ட்ராக்டரின் வெள்ளைக் கார்தான் முன்னால். ஆனால் டிரம்மைச் சுற்றும்போது மற்ற வண்டிகள் எல்லாம் படகு மாதிரி ஒருக்களித்து, டயர் அலறி, வேகம் குறைந்து திரும்பின. மஞ்சள் கூரை போட்ட எங்கள் டாக்சி மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி திரும்பியது. எட்டாவது சுற்றில் வெள்ளைக் காரைத் தாண்டியது. நான் குடையைத் தூக்கி எறிந்தேன். அது இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கலியமூர்த்தியிடம், "எப்படிடா அப்படித் திரும்புது?" என்று கேட்டேன்.

"பின்னால பட்டை ஒண்ணு ஜாஸ்தி இல்ல மாமா? அதான் சாயல."

ஆஹா, என்ன அருமையான விவரம்! உடனே நோட்டில் குறித்துக்கொண்டேன். எந்தப் பட்டறை, எத்தனை அங்குல அகலம் என்றெல்லாம் விசாரித்தேன். அடுத்த வாரப் பத்தியில் நான்கு வரி எழுதினேன். பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் இதே கையால் 'இல்லை' என்று எழுதிக் கோடு போட்டது எனக்கு நினைவுக்கு வந்ததா? வரவில்லை. எந்தத் தெருவுக்கு எப்போது விளக்குக் கம்பம் நட்டார்கள், சிதம்பரம் ரோட்டில் மைல் கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் எப்போது வைத்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிற எனக்கு... வரவில்லை.

கடிதத்தைத் தனத்திடம் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் உங்களாலதான். எந்தம்பி வாயத் தொறந்தானா? நீங்க ஏன் ஊருக்கெல்லாம் எழுதுனீங்க?"

"உண்மையைத்தானே எழுதினேன்?"

"உண்மைய ஃபாரத்துல எழுதறது. பொய்ய பத்திரிகைல எழுதறது. நீங்க மாத்தி எழுதிட்டீங்க."

இருபது வருஷமாக எழுதுகிறேன்; இவ்வளவு சுருக்கமாக எனக்கு எழுத வந்ததில்லை.

அன்று மாலையே கலியமூர்த்தி வந்தான். கோப்பை கையில் இருந்தது. கடிதம் அவனுக்குப் புதிதல்ல. அதன் சாரத்தைச் சங்கம் தமிழில் எழுதி, சிதம்பரம் பெட்ரோல் பங்கு போர்டில் ஒட்டிவிட்டதாம். ஸ்டாண்டு வண்டிகள் எல்லாம் பெட்ரோல் போடுகிற பங்கு.

"கோப்பை போவட்டும் மாமா. பட்டை ஜாஸ்தின்னா ஜாஸ்திதான். அவுங்க ரூல் அது. ஆனா 'தெரிந்தே பொய்'னு போட்டிருக்கான் பாருங்க... அத எடுக்கச் சொல்லுங்க."

"ஊர்ல யாரு அதப் படிக்கப் போறா?"

"ஸ்டாண்டுல படிச்சுட்டாங்க."

அப்போதுதான் விஷயத்தின் கனம் எனக்குப் புரிந்தது. சிதம்பரம் ரயிலடியில் பதினொரு டாக்சிகள் நிற்கின்றன. வரிசையாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். சவாரி முடிந்து வருகிற வண்டி எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே நிற்கும். டோக்கன் கிடையாது, பலகை கிடையாது. யார் முதலில் வந்தார், அடுத்த சவாரி யாருக்கு என்பது ஒரே ஒருவர் வாயில்தான் இருக்கிறது. அந்த வாய் கலியமூர்த்தியுடையது. 'நீ மூணாவது' என்றால் மூணாவதுதான். எவரும் எதிர்த்துப் பேசியதில்லை. அதற்குச் சம்பளம் கிடையாது. அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற ஒன்றுதான் அந்த வேலைக்குத் தகுதி.

"நேத்து எங்க ஸ்டாண்டு சாமிக்கண்ணுகிட்ட, நீ நாலாவதுன்னேன். 'தெரிஞ்சே சொல்றியா மச்சான்?'னு கேக்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. திங்கக்கெழம ஒக்காந்து பேசி வேற ஆளப் போடப் போறாங்களாம்."

சொல்லிவிட்டு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கும் சிரிக்கிற ஆள் அவன்.

இதற்கிடையில் தனம் கோப்பையை உள்ளே எடுத்துப் போயிருந்தாள். திருப்பிக் கொடுப்பதானாலும் மானமாகக் கொடுக்க வேண்டும் என்று, புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

"இத வந்து பாருங்க! வெள்ளி உரியுது!"

போய்ப் பார்த்தேன். கோப்பையின் ஒரு பக்கம் மஞ்சளாகப் பளபளத்தது. பித்தளை!

என் அலமாரியைத் திறந்தேன். பந்தயத்துக்கு அச்சடித்த நோட்டீஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எந்த நோட்டீஸையும் நான் எறிவதில்லை. எடுத்துப் படித்தேன். 'முதல் பரிசு: வெள்ளிக் கோப்பை.' கொட்டை எழுத்து.

மறுநாள் புதன்கிழமை, கோப்பையையும் நோட்டீஸையும் பையில் போட்டுக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்திலிருக்கும் சங்கக் காரியதரிசி வீட்டுக்குப் போனேன். உரக்கடை வைத்திருக்கிறவர். மரியாதையான மனிதர்.

"வாங்க வாங்க, உக்காருங்க. உங்க பத்தியை வாராவாரம் படிச்சுடுவேன் சார்."

"தெரியுது. கத்தரிச்சே அனுப்பியிருக்கீங்க."

அவர் சங்கடமாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"டாக்சியோட ஸ்பிரிங்க உங்க சங்கத்துல யாராவது குனிஞ்சு பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? நீங்களே எழுதியிருக்கீங்களே சார்."

"சரி. மத்த ஏழு வண்டியைப் பாத்தீங்களா?"

"அதுகளைப் பத்தி யாரும் எழுதலையே!"

இதற்கு என்ன சொல்வது? பந்தயத்தில் நடந்ததை விட்டுவிட்டுப் பத்திரிகையில் வந்ததை வைத்துத் தீர்ப்பு! எட்டு வண்டியில் ஒரு வண்டியின் சொந்தக்காரனுக்கு மட்டும் எழுதுகிற மாமன் இருந்துவிட்டான்; அதனால் அவன் மட்டும் பொய்யன். எழுதத் தெரியாத உறவுக்காரர்களை வைத்திருந்த ஏழு பேரும் உத்தமர்கள்!

கம்பெனி கொடுத்தபடியே கார் வேண்டுமாம். கம்பெனிக்காரன் கொள்ளிடக்கரையைப் பார்த்தானா? ஒன்பது பேர் ஏறுவதைப் பார்த்தானா? நம் நாட்டில் எந்தக் கார் ஆறு மாதத்துக்கு மேல் கம்பெனி கொடுத்தபடி இருக்கிறது? ஒருவர் கேரியர் மாட்டுகிறார். ஒருவர் ஹாரனை மாற்றுகிறார். கம்பெனி பாதிக் காரைச் செய்கிறது. மீதியை ரோடு செய்கிறது. இது எதையும் அறியாமல், எங்கோ அச்சடித்த விதிப்புத்தகத்தைப் பார்த்து ஏழாவது கேள்வியைக் காப்பி அடித்து, அதையும் ஆங்கிலத்தில் அடித்து, டாக்சி டிரைவர்களிடம் நீட்டியிருக்கிறார்கள்...

இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டை பந்தயத்தில் உதவியிருக்கும். உதவவில்லை என்று நான் வாதாடவில்லை. வெற்றி ரத்து என்பதைக்கூட ஒப்புக்கொண்டேன். அவரோ, 'தெரிந்தே' என்ற வார்த்தையை மட்டும் விட மறுத்தார்.

"அவருக்குத் தெரியாதா சார், பட்டை ஜாஸ்தின்னு? தெரியும். தெரிஞ்சும் இல்லைன்னு எழுதினா அதுக்கு என்ன பேரு?"

பையிலிருந்து கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மஞ்சள் பக்கம் அவரைப் பார்த்து இருந்தது. பக்கத்தில் நோட்டீஸை விரித்தேன்.

"இதுக்கு என்ன பேரு சார்?"

அவர் கோப்பையைப் பார்த்தார். நோட்டீஸைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"சார், இது அநியாயம். வெள்ளிக் கோப்பைன்னா உள்ள பித்தளை, மேல முலாம்னு எல்லாருக்கும் தெரியும். எந்தப் பந்தயத்துல சார் முழு வெள்ளியில குடுக்கறான்? கடையில கேட்டாலே அப்படித்தான் எடுத்துத் தருவான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, நாங்களும் அப்படியே போட்டோம். இதுல பொய் எங்க வந்தது...?"

பாதியில் நிறுத்திவிட்டார்.

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"ஃபாரத்தை எழுதினது யாரு?"

"நான்."

"அவர் சொன்னதை எழுதினீங்களா?"

"நான் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொன்னான். கேள்வியே தப்பு. 'கம்பெனி வண்டியில இல்லாதது உன் வண்டியில என்ன இருக்கு'ன்னு கேட்டிருக்கணும். 'ஏதாவது மாத்தினியா'ன்னு கேட்டேன். மொழிபெயர்ப்பு என்னுது, தப்பு என்னுது."

"அதை எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுத்தேன். தேதி போட்டுக் கொடுத்தேன். அவரும் ஒரு புதுக் கடிதம் எழுதினார். வெற்றி ரத்துதான், ஆனால் விண்ணப்பம் வேறொருவரால் பிழையாகப் பூர்த்தி செய்யப்பட்டது, 'தெரிந்தே பொய்' என்ற சொற்கள் நீக்கப்படுகின்றன. பெட்ரோல் பங்கிலும் மாற்றி ஒட்டச் சொல்கிறேன் என்றார். கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். தலைப்புத்தாளின் வலது மூலையை விரலால் காட்டினேன். பெருமூச்சு விட்டுத் தேதியையும் எழுதினார்.

புறப்படும்போது, "கோப்பையை வச்சுட்டுப் போங்க சார்," என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம், ரயில் வருவதற்கு அரை மணி முன்னால், சிதம்பரம் ஸ்டாண்டில் பதினொரு பேரும் கூடினார்கள். நானும் போனேன். கலியமூர்த்தி தன் வண்டிக் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடிதத்தைத் தமிழாக்கி உரக்கப் படித்தேன். இந்தமுறை ஒவ்வொரு வார்த்தையையும் நிதானித்துத்தான் படித்தேன்.

நான் முடித்ததும் சாமிக்கண்ணு முன்னால் வந்தார். ஸ்டாண்டில் மூத்த டிரைவர். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு என்னைக் கேட்டார்.

"அப்ப ஃபாரத்துல தப்பா எழுதனது யாரு?"

"நான்தான்."

"பத்திரிகைல எழுதறவரு இல்ல நீங்க?"

"ஆமா."

"அதானே பாத்தேன்!"

பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தான். ஒரு வாரத்தில் அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். என் செலவில்தான் சிரித்தான், பரவாயில்லை.

"பட்டை போடாத வண்டி இந்த ஸ்டாண்டுல ஒண்ணு காட்டச் சொல்லுங்க அந்தச் சங்கத்த," என்றார் சாமிக்கண்ணு. "எந்த வண்டியில வேணா குனிஞ்சு பாக்கட்டும். ஏறி நின்னு பாக்கட்டும்."

தூரத்தில் ரயில் ஊதியது. எல்லோரும் சட்டென்று அவரவர் வண்டியைப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. சாமிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"ஏம்பா கலியமூர்த்தி, மொதல் சவாரி யாருக்கு?"

"ஒனக்கு இல்ல. நீ காலைல சீர்காழி போயிட்டு வந்த. அஞ்சாவது."

"அஞ்சாவதா?"

"அஞ்சாவது."

"சரி," என்று சொல்லிவிட்டுச் சாமிக்கண்ணு போய் நிழலில் உட்கார்ந்தார். வேறு ஆளைப் போடுகிற பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு ஆறவில்லை. எட்டு வண்டியில் ஒன்றை மட்டும் பிடித்தது என்ன நியாயம்? நிழலில் இருந்த சாமிக்கண்ணு அதைப் புரிந்துகொண்டவர் மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"சார், அன்னிக்கு ஓடுன மத்த வண்டிங்களப் பத்தி நான் சொல்லட்டுமா? எதெதுக்கு நம்ம பட்டறையில வேல செஞ்சாங்கன்னு பட்டறைக்காரன் எல்லாத்தையும் சொல்லியிருக்கான். எழுதிக்குங்க."

சட்டைப் பையிலிருந்து நோட்டு வெளியே வந்துவிட்டது. பேனா மூடியும் கழன்றுவிட்டது. கலியமூர்த்தி வண்டியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, பேனாவ மூடுங்க."

"ஏன்? உனக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயமா?"

"அந்த வண்டிங்களையும் டிரைவருங்கதான ஓட்டுனாங்க? ஃபாரத்த அவுங்களா எழுதியிருப்பாங்க? நீங்க எழுதினா அவுங்களும் 'தெரிந்தே பொய்'தான்."

சொல்லிவிட்டு, ரயிலிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தைப் பார்த்து, "மொதல் வண்டி, முன்னால வா!" என்று கத்திக்கொண்டே போய்விட்டான்.

நான் பேனாவை மூடினேன். பட்டறைக்காரர் என்ன சொன்னார் என்று சாமிக்கண்ணுவிடம் கேட்கவில்லை. பட்டறை ரயிலடியிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. போனால் கால் மணியில் தெரிந்துவிடும். போகவில்லை.

அன்று எட்டு வண்டிகள் ஓடின. அவற்றில் ஒன்றுக்குப் பின்பக்கம் ஒரு பட்டை கூடுதல். மற்ற ஏழு — சரிபார்க்கப்படவில்லை.